பனிக்கடலில் மூன்று நத்தார்கள்

‘விருந்து’ என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழிற் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் வந்து நின்றால் அவரே விருந்து. அவர்க்கு இடும் உணவுக்கு அப்பெயர் பின்னரே வந்தது. இச்சொல்லின் வரலாற்றை மனத்திற் கொண்டு நத்தார்க் காலத்து இராப்போசனங்களை நோக்கினால் ஒரு சிறு முரண் தோன்றும். ஆண்டுதோறும் அதே வீட்டில், அதே மேசையைச் சுற்றி, அதே நண்பர்கள் கூடுகின்றனர். சொல்லப்படுங் கதைகளும் பெரும்பாலும் சென்ற ஆண்டிற் சொல்லப்பட்டவையே. அங்கே புதியவர் ஒருவரும் இல்லை; புதிய செய்தியும் இல்லை. ஆயினும் அதனை விருந்தென்றே அழைக்கிறோம். அழைப்பதிற் பிழையிருப்பதாகவும் எவர்க்கும் தோன்றுவதில்லை.

புதியவர் எவரும் வரவே இயலாத ஓரிடத்தில், நாள்தோறும் ஒருவர் முகத்தையொருவர் பார்த்துச் சலித்த மனிதர் நத்தார் விருந்து கொண்டாடிய வரலாறு ஒன்று உண்டு. அது வடதுருவக் கடலிலே, 1893ஆம் ஆண்டு தொடக்கம் 1895ஆம் ஆண்டுவரை நிகழ்ந்தது. அக்கதையையும், அதனைத் தொடர்ந்து தென்துருவத்தில் நிகழ்ந்த சிலவற்றையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சைபீரியாவுக்கு வடக்கே 1881ஆம் ஆண்டில் ‘ஜெனெற்’ என்னும் அமெரிக்கக் கப்பல் பனிக்கட்டிகளால் நெரிக்கப்பட்டு மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1884ஆம் ஆண்டில், அக்கப்பலுக்குரிய பொருள்கள் சில கிறீன்லாந்தின் தென்மேற்குக் கரையிற் கண்டெடுக்கப்பட்டன. உலகின் ஒரு புறத்தில் மூழ்கிய கப்பலின் பொருள் மறுபுறத்திற் கரையொதுங்கியது எவ்வாறு? பனிக்கட்டி அசையாது கிடப்பதன்று. அது துருவத்தைக் கடந்து மெல்ல மெல்ல நகர்கிறது என்று துணிந்தார் பிரித்ஜொவ் நான்சன் என்னும் நோர்வே நாட்டு இளைஞர். பனியோடு போராடும் கப்பல் நெரிபடும். பனிக்கு இணங்கும் கப்பல் அதனோடு பயணஞ் செய்யும். எனவே பனியிடையே வேண்டுமென்றே உறைந்து நின்று, நீரோட்டம் இழுக்கும் வழியே துருவத்தை அணுகுவது அவர் திட்டம். அறிஞர் பலர் இதனைப் பைத்தியக்காரத்தனம் என்றனர்.

கொலின் ஆர்ச்சர் என்னும் கப்பற் சிற்பி அதற்கெனவே ஒரு மரக்கலம் கட்டினார். பக்கங்கள் உருண்டு, தேங்காய்ப் பாதிபோல் அமைந்த கலம். பனி நெருக்கும்போது அது நசுங்காது வழுவி மேலே எழும். ‘பிராம்’ என்பது அதன் பெயர். நோர்வே மொழியில் அதற்கு ‘முன்னே’ என்று பொருள். 1893ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி அது கிறிஸ்தியானியாவிலிருந்து, அதாவது இன்றைய ஒஸ்லோ நகரிலிருந்து, புறப்பட்டது. ஐந்தாண்டுக்குப் போதிய உணவு, ஏறக்குறைய அறுநூறு நூல்கள், ஓர் ஆர்மோனியம், மின்விளக்கு எரிப்பதற்குக் காற்றாலை ஒன்று என்பன அதிலிருந்தன.

ஆட்கள் பதின்மூவர். அவர்களிற் சிலர் வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. பெர்ன்ற் பென்ற்சன் என்பவர் திரொம்சோ துறைமுகத்தில் ஒரு நாள் எட்டரை மணிக்கு நான்சனோடு பேசவென்று கப்பலில் ஏறினார். பத்து மணிக்குக் கப்பல் அவரையுங் கொண்டு புறப்பட்டுவிட்டது. மூன்றாண்டுப் பயணத்துக்கு ஒன்றரை மணி நேர ஆயத்தம்! யால்மர் ஜொஹான்சன் கதையோ வேறு. அவர் தேர்ந்த உடற்பயிற்சி வீரர். சேமப்படையில் ஓர் அதிகாரி. எப்படியாவது அப்பயணத்திற் சேரவேண்டும் என்ற ஆவலால், வேறு பதவி எதுவும் எஞ்சாத நிலையில், கொதிகலனுக்கு நெருப்பூட்டும் வேலையை ஏற்று வந்தார். இவ்விருவருள் ஜொஹான்சனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செப்ரெம்பர் மாதத்திற் கப்பல் பனியில் இறுகியது. ஒக்ரோபர் இறுதியிற் சூரியன் மறைந்தது. நீரோட்டமோ நான்சன் கணித்தவாறு வடக்கே செல்லவில்லை. நவம்பரிலே தெற்கு நோக்கிப் பின்வாங்கவும் செய்தது. இந்நிலையிலேதான் முதலாவது நத்தார் வந்தது.

அன்றைய உணவுப் பட்டியலை நான்சன் தமது நூலிற் பதிவுசெய்திருக்கிறார். முதலில் மாட்டுவால் இரசம். பின்னர் உருளைக்கிழங்கும் உருக்கிய வெண்ணெயும் சேர்ந்த மீன் களி. அதன்பின் பட்டாணியும் அவரையும் புளிப்புப் பழப்பாகும் துணைவரப் பொரித்த துருவமான் இறைச்சி. அடுத்து பாலாடையோடு ‘மேகப்பழம்’ என்று சொல்லத்தக்க வடநாட்டுச் சிறுபழம். இறுதியில் கேக்கும், தாயகத்து வெதுப்பகத்தார் ஒருவர் அன்பளிப்பாகத் தந்துவிட்ட பாதாம் இனிப்பும். குடிப்பதற்குக் கரிய பியர். கப்பலில் இருந்த ஸ்கொட் ஹான்சன் என்பவரின் தாயாரும், அவர்க்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மணமகளும் கட்டியனுப்பிய இரண்டு பெட்டிகள் முதல்நாள் மாலையிலே திறக்கப்பட்டன. ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பொருள் அதனுள் இருந்தது. வளர்ந்த ஆடவர் சிறு பிள்ளைகளைப் போல் அவற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தனராம். கப்பலின் வைத்தியர் பிளெசிங் ஆசிரியராயிருந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் அக்காலத்தில் வெளிவந்துகொண்டிருந்தது.

இப்பட்டியலை வாசிப்போர்க்கு எழும் ஐயம் நான்சனுக்கும் எழுந்தது. துருவ இரவின் கொடுமைகளைத் தாங்கப் பயிற்சிபெறும் வீரர்க்கு உரிய உணவா இது? வீட்டிலிருப்போர் தம்மை நினைத்து இவ்வேளை கண்ணீர் வடிப்பர். இங்கே நடக்கும் களியாட்டைக் கண்டால் அவ்விரக்கம் வற்றிவிடும் என்ற கருத்துப்பட அவர் எழுதினார். எனினும் அவர் உள்ளம் களியாட்டில் இருக்கவில்லை. மனைவி ஏவாவும், அவ்வாண்டு தொடக்கத்திற் பிறந்த மகள் லிவ்வும் இருந்த இல்லத்தையே அது சுற்றிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்தவிடத்தும் விருந்து நிறையவில்லை என்பதை அந்நாட்குறிப்பை வாசிப்போர் எளிதில் உணர்வர்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. நான்சன் பேரறிஞர், பெருந்துணிவினர். ஆனால் உடன் வாழ்வதற்கு இனியவர் என்று சொல்லுதற்கில்லை. ஏனையோரின் நாட்குறிப்புகள் பின்னாளில் ஆராயப்பட்டபோது, அவர் அடிக்கடி மனநிலை மாறுபவர், எல்லார் வேலையிலும் தலையிடுபவர் என்ற முறைப்பாடுகள் அவற்றிற் காணப்பட்டன. கப்பற்றலைவர் ஒட்டோ ஸ்வெர்ட்ரூப் அதிகம் பேசாதவர். கப்பலின் அமைதி அவராலேயே காக்கப்பட்டது எனலாம். பதின்மூவரும் நண்பர்களாகப் புறப்பட்டவர்கள் அல்லர். ஒரே விளக்கின்கீழ் ஒரே மேசையில் நூற்றுக்கணக்கான இரவுகள் உண்டமையால் நண்பரானவர்கள். சில வேளைகளில் அதே காரணத்தாற் பகைத்தவர்கள்.

இரண்டாவது நத்தார் 1894இல் வந்தது. அப்போது கப்பல் 83ஆம் பாகையை எட்டியிருந்தது. அதற்கு முன் மனிதர் எவரும் நத்தார் கொண்டாடியிராத உயரம். மேகப்பழச் சாற்றிலிருந்து தாமே ஒரு பானம் செய்து அதற்கு 83ஆம் பாகையின் சம்பெயின் என்று பெயரிட்டனர். பெயரில் இருந்த பெருமை சுவையில் இருந்திருக்குமோ என்பது ஐயமே. உணவு குறைவின்றி இருந்தது, இசை இருந்தது, பாட்டும் இருந்தது. ஆனால் அந்த மேசையில் இருந்த எல்லாரும் ஒரு செய்தியை அறிந்திருந்தனர். கப்பல் துருவத்தின்மேற் செல்லாது என்று கண்ட நான்சன், நாய்கள் பூட்டிய சறுக்குவண்டிகளோடு இருவர் மட்டும் இறங்கி வடக்கே செல்வதென முடிவு செய்து, நவம்பரிலேயே அதனை வெளியிட்டுவிட்டார். இருவருள் ஒருவர் தாம். மற்றவர், நெருப்பூட்ட வந்த ஜொஹான்சன். இறங்கியவர் மீண்டும் அக்கப்பலைக் கண்டடைவது இயலாத காரியம். ஏனெனிற் கப்பலும் நகர்ந்துகொண்டிருக்கும். இவ்விருவரும் எமது மேசையிலே அமர்ந்து உண்ணும் கடைசி நத்தாராக இது இருக்கக்கூடும் என்பது அங்கிருந்த ஒவ்வொருவர்க்கும் தெரியும். ஜனவரித் தொடக்கத்திற் பனி நெருக்கம் ஒன்று கப்பலையே விழுங்க முற்பட்டது. ஆர்ச்சரின் கலம் அதையும் தாங்கியது.

மார்ச் 14ஆம் திகதி இருவரும் புறப்பட்டனர். வண்டிகள் மூன்று, நாய்கள் 28, தோற்படகுகள் இரண்டு. ஏப்ரல் மாதத்தில் 86 பாகை 14 கலையை அடைந்தனர். அதுவரை எவரும் அவ்வளவு தூரம் வடக்கே சென்றதில்லை. அதற்கப்பால் பனி குவியல் குவியலாகக் கிடந்தது. திரும்பினர். களைப்பினால் ஒருநாள் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க மறந்துவிட, ஏப்ரல் 12இல் இரண்டும் நின்றுபோயின. நேரம் தவறினால் இடமும் தவறும். நெடுங்கோட்டைக் கணிப்பதற்குக் கடிகாரமே துணை. எங்கே நிற்கிறோம் என்பது திண்ணமாகத் தெரியாமலே நான்கு மாதத்துக்கு மேல் நடந்தனர். நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று ஏனைய நாய்களுக்கு இட்டனர். இறுதி இரண்டு நாய்களையும் திறந்த கடலோரத்தில் இழந்தனர். ஓகஸ்ட் இறுதியிற் பிரான்ஸ் ஜோசப் நிலம் என்னும் தீவுக்கூட்டத்தின் ஒரு கரையில், மேலும் செல்ல இயலாது மாரிகாலம் மறித்தது.

அங்கே அவர்கள் கட்டிய குடில் பத்தடி நீளம், ஆறடி அகலம். கற்களை அடுக்கிப் பாசியால் இடுக்குகளை அடைத்தனர். கரையொதுங்கிக் கிடந்த மரம் ஒன்றை முகட்டு வளையாக்கி, தந்தமுடைய பெருங்கடல் விலங்காகிய வால்ரசின் தோலை அதன்மேற் போர்த்தனர். மண்வெட்டி வால்ரசின் தோள் எலும்பு. கூந்தாலி அதன் தந்தம். சறுக்குவண்டியிலிருந்த உலோகத் தகட்டை மடித்து விளக்காக்கி, கொழுப்பை எண்ணெயாக ஊற்றி, காயத்துக்குக் கட்டும் துணியைத் திரியாக இட்டனர். காலையில் வெண்கரடிச் சாறு. மாலையிற் பொரித்த வெண்கரடி. மறுநாட் காலையிலும் வெண்கரடிச் சாறு. நரிகள் கூரைமேல் ஏறி விளையாடின. அவர்களுடைய வெப்பமானியைக் கூடக் களவெடுத்துச் சென்றன. அது நரிக்கு என்ன பயன் தந்ததோ!

வாசிப்பதற்குக் கப்பலோட்டிகள் பயன்படுத்தும் பஞ்சாங்கமும் கணித அட்டவணைகளுமே இருந்தன. அவற்றையே மனப்பாடமாகும்வரை வாசித்தனர். நாளொன்றுக்கு இருபது மணி நேரம்வரை உறங்கிய நாள்களும் உண்டு. முதலில் ஓரிரவு தனித்தனியே படுத்துப் பார்த்தனர், குளிர் தாங்கவில்லை. கம்பளிகளை ஒன்றாகத் தைத்து ஒரே பையாக்கி, அதனுள் இருவரும் ஒடுங்கிக் கிடந்தனர். இவ்வளவு நெருக்கத்தில் இருந்தும் சச்சரவு நேரவில்லையா என்று பின்னாளிற் பலர் வினவியதுண்டு. தமக்குக் குறட்டை விடும் பழக்கம் உண்டென்றும், அப்போது நான்சன் முதுகில் உதைப்பார் என்றும், அதற்குமேல் ஒன்றுமில்லை என்றும் ஜொஹான்சன் சொன்னாராம். நான்சனும் அதை மறுக்கவில்லை.

இக்குடிலில் மூன்றாவது நத்தார் வந்தது.

வெளியே காற்றும் குளிரும், உள்ளேயும் அதே. புதியவர் இல்லை, புதிய உணவில்லை, புதிய சொல்லும் இல்லை. இருவரிடமும் இருந்தது உடலில் கிடந்த உடை மாத்திரமே. அது மாதக்கணக்காகக் கொழுப்பில் ஊறித் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துணியைக் கத்தியாற் சுரண்டி அந்தக் கொழுப்பை விளக்குக்கு ஊற்றுமளவுக்கு அழுக்கு. இவ்வுடையோடு நத்தாரை வரவேற்பது எவ்வாறு? ஜொஹான்சன் தமது மேற்சட்டையைக் கழற்றி, உட்புறம் வெளியாகத் திருப்பி அணிந்துகொண்டார். நான்சனும் அவ்வாறே செய்தார். அத்தோடு கோப்பையிற் காற்பங்கு வெந்நீரெடுத்து, கழித்துப்போட்ட உள்ளுடையைப் பஞ்சாகவும் துவாலையாகவும் கொண்டு உடம்பைத் துடைத்தார். தாம் முற்றிலும் வேறு மனிதராகிவிட்டதாக உணர்ந்தாராம்.

புத்தாடை என்பது இதுதான். எமது ஊர்களில் பண்டிகைக்கு முதல்நாள் கடைத்தெருவில் முண்டியடித்து வாங்கும் புடவைக்கும், அக்குடிலிற் புறம்மாற்றப்பட்ட சட்டைக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

பின்னர் உணவு. கப்பலிலிருந்து கொணர்ந்த உணவில் ஒரு சிறு பகுதியை, இளவேனிலில் மீண்டும் நடக்கத் தொடங்கும்போது வேண்டுமென்று தொடாது வைத்திருந்தனர். அதிலிருந்து சிறிது எடுத்தனர். மீன்பொடியும் சோளமாவும் கலந்து, வெண்ணெய்க்குப் பதிலாகக் கடல்விலங்கின் கொழுப்பெண்ணெய் விட்டு ஒரு களி செய்தனர். அதே எண்ணெயிற் பொரித்த பாண் இனிப்புணவாயிற்று. மறுநாட் காலைக்குச் சொக்கொலேற்றும் பாணும். இரண்டாண்டுக்கு முன் அதே திகதியில் மாட்டுவால் இரசமும் துருவமான் இறைச்சியும் உண்ட மனிதர் இவர்களே. ஆனால் முதல் விருந்தின் பட்டியலைப் பதிவுசெய்தபோது இகழ்ச்சி கலந்த நகைப்போடு எழுதிய நான்சன், இவ்வுணவைப்பற்றி எழுதுகையில் நகைக்கவில்லை. ஒவ்வொரு பண்டத்தையும் மதிப்போடு எண்ணி எழுதினார். தேவாலய மணிகள் ஒலிப்பதையும், வீடுகளிற் பிள்ளைகள் மெழுகுதிரி ஏற்றிய மரத்தைச் சுற்றி ஆடுவதையும் நினைத்துக்கொண்டார். திரும்பியதும் நாமும் பிள்ளைகளுக்கு ஒரு விருந்து வைக்கவேண்டும் என்ற எண்ணமும் அந்நாட்குறிப்பில் உண்டு.

ஒரு வாரத்தின்பின், ஆண்டின் கடைசி இரவிலே, இன்னொன்று நிகழ்ந்தது. நோர்வே மொழியிலும் அக்காலத்தில் முன்னிலைச் சொற்கள் இரண்டு வழங்கின. மேலோரையும் அயலாரையும் சுட்டுவது ஒன்று; உற்றாரைச் சுட்டுவது மற்றொன்று. எமது யாழ்ப்பாணத்துப் பேச்சிலே நீங்கள், நீர், நீ என மூன்று படிகள் இருப்பதால் இந்நுட்பத்தை நேயர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆண்டு ஒரே கப்பலில் உண்டு, ஒன்பது மாதத்துக்கு மேலாக ஒரே பையில் உறங்கி, ஒருவர் உயிரை ஒருவர் காத்த இவ்விருவரும் அன்றுவரை ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றே அழைத்து வந்தனர்! ஒருமுறை ஜொஹான்சனை வெண்கரடி கீழே வீழ்த்தியபோது அவர் நான்சனை உதவிக்கு அழைத்ததும் அம்மரியாதைச் சொல்லாலேயே என்று சொல்வர். இனி ‘நீ’ என்று பேசிக்கொள்வோமா என்று அந்தப் புத்தாண்டு இரவிற் கேட்டவர் நான்சன். ஜொஹான்சன் இசைந்தார்.

அந்தக் குடிலுக்குள் விருந்தாக வந்த புதுமை, என் கருத்தில், இச்சொல்லே.

1896ஆம் ஆண்டு மே 19ஆம் திகதி அவர்கள் குடிலைவிட்டுப் புறப்பட்டனர். ஜூன் 17ஆம் திகதி நான்சன் நாய் குரைக்கும் ஒலி கேட்டு நடந்தார். தூய உடையணிந்த ஓர் ஆங்கிலேயர் எதிரே வந்தார். அவர் பிரெடெரிக் ஜக்சன். நோர்வேயரல்லார் என்ற காரணத்தாற் பிராம் கப்பலிற் சேர்க்கப்படாது, பின்னர்த் தாமாகவே ஒரு குழுவோடு அத்தீவுக்கு வந்திருந்தவர். கையைப் பற்றிக்குலுக்கிச் சிறிது நேரம் பேசிய பின்பே, கறுத்துச் சடைவளர்ந்து நின்ற மனிதர் நான்சன் என்பது அவர்க்குப் புலப்பட்டது. தராசில் நிறுத்துப் பார்த்தபோது நான்சன் ஏறக்குறைய 22 இறாத்தலும் ஜொஹான்சன் 13 இறாத்தலும் கூடியிருந்தனர். வெண்கரடியின் சிறப்பு அது.

ஓகஸ்ட் 13இல் இருவரும் நோர்வேக் கரையில் இறங்கினர். அதே நாளிற் பிராம் பனியிலிருந்து விடுபட்டது. இருவர் குறைந்த மேசையிலே மூன்றாவது நத்தாரையும் கொண்டாடிவிட்டு, ஸ்வெர்ட்ரூப் அதனைச் சேதமின்றிக் கொண்டுவந்தார். ஒரு வாரத்தின்பின் திரொம்சோவிற் பதின்மூவரும் மீண்டும் ஒன்றுகூடினர். ஒருவரும் குறையவில்லை. துருவப் பயணங்களின் வரலாற்றில் இது அரிது.

இனித் தென்துருவத்துக்கு வருவோம். அங்கும் நத்தார் தவறாது கொண்டாடப்பட்டது. 1902ஆம் ஆண்டில் ஸ்கொற், வில்சன், ஷக்கிள்டன் ஆகிய மூவர் பனித்தட்டின்மீது தெற்கு நோக்கி நடந்தனர். நாய்கள் மடிந்துகொண்டிருந்தன, பசி ஓயவில்லை. ஷக்கிள்டனின் ஈறுகளில் ஸ்கேவி நோயின் அறிகுறி தென்படுவதை வில்சன் நத்தாருக்கு முதல்நாள் ஸ்கொற்றிடம் தெரிவித்தார். மறுநாள் உணவு முடியும் வேளையில் ஷக்கிள்டன் தமது மூட்டையைத் துழாவி, மாற்றுக் காலுறைக்குள்ளிருந்து கிரிக்கற் பந்தளவான பிளம் புடிங் ஒன்றை எடுத்தார். அதன்மேற் செருகுவதற்குச் செயற்கை இலைக்கொத்து ஒன்றும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வோர் அவுன்சும் தோளை அழுத்தும் பயணம் அது. அதில் மற்ற இருவரும் அறியாது வாரக்கணக்காக அதனைச் சுமந்து வந்திருக்கிறார். நோயாளியெனக் குறிக்கப்பட்டவரே விருந்தளித்தவர். மறு ஆண்டு ஸ்கொற் அவரை நோய் காரணமாகத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பினார். அவர்களிடையே இருந்த நட்பு அதன்பின் பழைய நிலைக்கு வரவில்லை.

1908ஆம் ஆண்டு நத்தாரன்று அதே ஷக்கிள்டன் வேறு மூவரோடு துருவ மேட்டுநிலத்தில் இருந்தார். புடிங்கும், சுருட்டும், ஆளுக்கொரு கரண்டி மதுவும் இருந்தன. உண்டு முடித்ததும், ஒரு வாரத்து உணவைப் பத்து நாளுக்கு நீட்டிப்பதென முடிவு செய்தனர்.

1911ஆம் ஆண்டு நத்தார் இவையெல்லாவற்றிலும் வியப்பானது. அந்நாளில் இரண்டு குழுக்கள் ஒரே மேட்டுநிலத்தில் இருந்தன. ஒன்று மற்றொன்றின் நிலையை அறியாது. ஸ்கொற்றின் குழு தெற்கே சென்றுகொண்டிருந்தது. அன்று 44 வயது நிறைந்த லாஷ்லி என்பவர் பனிப்பிளவுக்குள் வீழ்ந்து கயிற்றிலே தொங்கினார். தூக்கி எடுத்துப் பிறந்தநாள் வாழ்த்துக் கூறினர். இரவில் பௌவெர்ஸ் என்பவர் கரந்து வைத்திருந்தவை வெளிவந்தன. உலர்ந்த இறைச்சியையும் குதிரையிறைச்சியையும் வெங்காயமும் கறித்தூளும் இட்டுக் காய்ச்சிய கூழ், இனிப்பிட்ட கொக்கோக் கூழ், புடிங், உலர்ந்த திராட்சையிட்ட கொக்கோ, இறுதியில் இனிப்பும் இஞ்சியும். கறித்தூளின் மணம் அந்தப் பனிவெளியையும் எட்டியிருந்தது என்பது எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. உண்டபின் அசையவும் முடியாதிருந்ததாக எழுதிவைத்தனர். அந்த மேசையிலா விருந்தில் இருந்தவருள் ஸ்கொற், வில்சன், பௌவெர்ஸ் உட்பட ஐவர் அடுத்த நத்தாரைக் காணவில்லை. வில்சனுக்கு ஸ்கொற்றோடு பனிவெளியிற் கூடாரத்தில் உண்ட நத்தார் அது இரண்டாவது. ஒன்பது ஆண்டுக்கு முன் காலுறையிலிருந்து வெளிப்பட்ட புடிங்கையும் உண்டவர் அவர்.

மற்றக் குழு அமுண்ட்சனுடையது. டிசெம்பர் 14ஆம் திகதி துருவத்தை அடைந்து அது திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே விஸ்ற்றிங் என்பவர் பிஸ்கற்றுத் துகள்களை நெடுநாளாகச் சேர்த்து வைத்து, உலர்ந்த பாலோடு கலந்து கஞ்சி காய்ச்சினார். வென்றவர்களின் நத்தார் அவ்வளவே.

அமுண்ட்சன் தென்கடலுக்குச் சென்ற கப்பல் எது? அதே பிராம். அக்கப்பலின் பழைய பதின்மூவருள் ஒருவரும் அப்பயணத்தில் இருந்தார். நான்சனின் பரிந்துரையின்பேரிற் சேர்க்கப்பட்ட யால்மர் ஜொஹான்சன்தான் அவர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் படையதிகாரப் பதவியை இழந்து, குடிக்கு அடிமையாகி, குடும்பத்தைப் பிரிந்திருந்தார். 1911 செப்ரெம்பரில் அமுண்ட்சன் உரிய காலத்துக்கு முந்திப் புறப்பட்டுக் கடுங்குளிரால் திரும்பியபோது, பின்தங்கிவிட்ட இளைஞர் பிரெஸ்ற்றூட்டைக் காத்துக் கொணர்ந்தவர் ஜொஹான்சனே. மறுநாட் காலையில் எல்லார் முன்னிலையிலும் தலைவரின் செயலை அவர் கண்டித்தார். அவர் சொல்லியது உண்மை. ஆனால் அம்மேசையிற் சொல்லக்கூடாத உண்மை. துருவத்துக்குச் செல்லும் குழுவிலிருந்து அமுண்ட்சன் அவரை நீக்கினார். அவ்வாண்டு நத்தாரை, துருவத்தைக் காணாதவராகவே, கரையோரத் தளத்தில் அவர் கழித்தார். 1912இல் அவர் குழுவிலிருந்து பிரித்துத் தனியே தாயகம் அனுப்பப்பட்டார். வரவேற்புகளில் அவர்க்கு இடமிருக்கவில்லை.

நான்சன் அரசியற் பணிகளில் உயர்ந்து, போரினால் நாடிழந்த மக்களுக்குச் செய்த தொண்டுக்காக 1922இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்று, 1930இற் காலமானார். பிராம் கப்பல் ஒஸ்லோ நகரில் அதற்கெனக் கட்டப்பட்டு 1936இல் திறக்கப்பட்ட நூதனசாலையில் இருக்கிறது. அதன் உள்ளே இறங்கி, பதின்மூவர் உண்ட அறையைக் காணலாம்.

ஜொஹான்சன் கிறிஸ்தியானியாவிலே 1913ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில், நத்தார் கழிந்து சில நாள்களில், தம் கையாற் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர்க்கு வயது 45. குடிலில் கழித்த மாரிகாலத்தைப்பற்றி அவரும் ஒரு நூல் எழுதியிருந்தார். அது 1898இல் வெளிவந்தது. நான்சனின் பெருநூலின் புகழினால் அது மறைந்துபோயிற்று. அந்நூலுக்கு அவர் இட்ட நோர்வேத் தலைப்பைத் தமிழிற் சொல்வதானால், ‘86 பாகை 14 கலையில், இருவருள் ஒருவனாய்’ என்று சொல்லலாம்.